மரபியல் ஆய்வுக்குப் போக விரும்புகிறேன்: மனிதர் தோற்றமா, பல்லுயிரா?

கேள்வி: பள்ளத்தூர் மாணவி

பெரியவர்களுக்கும் துறை அறிந்தவர்களுக்கும் வணக்கம்.

நான் காரைக்குடியில் உயிரித் தொழில்நுட்பத்தில் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படித்து வருகிறேன். அடுத்த ஆண்டு முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மக்கள் குழு எங்கிருந்து வந்தது, யாரோடு கலந்தது, எப்போது கலப்பை நிறுத்திக்கொண்டது என்பவற்றை மரபணுக்களைக் கொண்டு ஆராயும் துறையில் சேர வேண்டும் என்பது கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்தே என் விருப்பம். ஆனால் எனக்குப் பாடம் எடுப்பவர்களுள் ஒருவர், மனிதரை விட்டுவிட்டு நாட்டு மாடு, மரபு நெல் என்று பல்லுயிர் ஆய்வுக்குப் போவதுதான் நல்லது, அனுமதிகளும் எளிது, சண்டையும் இல்லை என்கிறார். இவை இரண்டும் ஒரே துறையின் கிளைகள்தாமா, அல்லது ஒன்றில் கால் வைத்தால் மற்றதற்குத் திரும்ப முடியாதா என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி எங்கள் வீட்டு வளவிலிருந்து எழுந்தது. நாங்கள் நகரத்தார். காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்த எங்கள் முன்னோர் சோழ மன்னனின் கொடுமை தாளாமல் உயிர்விட்டார்கள் என்றும், குருவிடம் ஒப்படைக்கப்பட்ட 1502 ஆண் பிள்ளைகள் மட்டுமே எஞ்சினார்கள் என்றும், அவர்கள் வளர்ந்து வேளாளர் குலப் பெண்களை மணந்து பின்னர் பாண்டி நாட்டுக்கு வந்தார்கள் என்றும் எங்கள் குல வரலாறு சொல்கிறது. சென்ற தை மாதம் அப்பத்தா பெட்டகத்தைத் திறந்து, தன் மாமியாருடைய திருமணத்தின்போது எழுதிய இசைகுடிமானத்தை எடுத்துக் காட்டினார்கள். மாப்பிள்ளை, பெண், இருவரின் தகப்பனார், ஊர், கோவில், பிரிவு என அத்தனையும் அதில் இருந்தன. அதைப் பார்த்த உற்சாகத்தில், ஆண் வழியையும் பெண் வழியையும் தனித்தனியே மரபணுவில் பார்த்தால் இந்த வரலாறு உண்மையா என்று தெரிந்துவிடும் என்று நான் சொல்லிவிட்டேன். அப்பத்தா ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு, "ரத்தத்தைப் பார்த்துட்டு நம்ம பெரியவுக சொன்னது பொய்யின்னு எழுதிப்புட்டா, அப்புறம் கோவிலுக்கு எந்த மொகத்தோட போவே?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்படிப்பட்ட ஒரு குல வரலாற்றை மரபியல் மெய்யாகவே சோதிக்க முடியுமா?

இந்தத் துறையிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர்கள் அன்றாடம் என்ன வேலை செய்தார்கள் என்பதையும் அறிய விரும்புகிறேன். இன்னொரு சிறிய கேள்வியும் உண்டு. எங்கள் கல்யாண வீடுகளில் பரிமாறும் கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்தது என்பார்கள். அதையும் மரபணு சொல்லுமா?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற பேராசிரியர், மதுரை

அன்புள்ள மகளுக்கு,

முதல் கேள்விக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையே விடை. ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் பணியாற்றிய லால்ஜி சிங், 1947 இல் உத்தரப் பிரதேசத்து ஜான்பூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். பாம்புகளின் குரோமோசோம்களில் தொடங்கினார். பெண் பட்டைக் கட்டுவிரியனின் பாலினக் குரோமோசோமில், திரும்பத் திரும்ப வரும் ஒரு டிஎன்ஏ வரிசையைக் கண்டார். அந்த வரிசைதான் பின்னர் இந்தியாவின் சொந்த டிஎன்ஏ ரேகை முறைக்குக் கருவியாகி, தந்தை யார் என்ற வழக்குகளிலும் கொலை வழக்குகளிலும் நீதிமன்றத்துக்கு வந்தது. அதே மனிதர் அழியும் விலங்குகளைக் காப்பதற்கென்று தனி ஆய்வகம் ஒன்று அமையக் காரணமாக இருந்தார். அவரும் தமிழரான குமாரசாமி தங்கராஜும் சேர்ந்து, அந்தமானின் ஓங்கே மக்களும் பெரிய அந்தமானியரும் பல பத்தாயிரம் ஆண்டுகளாகத் தனித்து நின்றவர்கள் என்று 2005 இல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். பாம்பு, புலி, அந்தமான் மக்கள் எல்லாம் ஒருவருடைய பணிக்காலத்துக்குள் அடங்கின. வேறுபாட்டை அளப்பதும், அந்த வேறுபாடு எப்படி உண்டாயிற்று என்று பின்னோக்கிக் கணக்கிடுவதுமே நம் தொழில். கணக்கு மனிதருக்கும் மாட்டுக்கும் நெல்லுக்கும் ஒன்றுதான். மாறுவது அனுமதி வாங்கும் இடமும், பதில் சொல்ல வேண்டிய ஆட்களும்.

அன்றாட வேலை பற்றிக் கேட்டாய். நான் 1980களில் இத்துறைக்கு வந்தபோது டிஎன்ஏவை நேரடியாகப் படிக்கும் வசதி எங்களுக்கு இல்லை. வெள்ளையணுக்களின் மேற்பரப்பில் உள்ள ஹெச்எல்ஏ என்னும் புரதங்களின் வகையைக் கொண்டுதான் ஒரு குழுவை இன்னொரு குழுவிலிருந்து பிரித்துப் பார்த்தோம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் தமிழ்நாட்டுக் குழுக்கள் பலவற்றின் ஹெச்எல்ஏ வகைகளை அந்த முறையில்தான் தொகுத்தார். தென்னிந்தியாவில் நுரையீரல் காசநோய்க்கும் ஹெச்எல்ஏ-டிஆர்2 வகைக்கும் உள்ள தொடர்பை அவர் குழு 1991 இல் எழுதியது. பின்னர் ஒய் குரோமோசோம் குறியீடுகள், அதாவது ஆண் வழியை அடையாளம் காட்டும் சிறு டிஎன்ஏ மாற்றங்கள், வந்தன. மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில், ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரையோரமாக வந்த மிகப் பழைய பயணத்தின் தடயமாகக் கருதப்படும் எம்130 என்னும் குறியீட்டை அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸும் பிச்சப்பனும் கண்டார்கள். 2005 இல் நேஷனல் ஜியாக்ரபிக் தொடங்கிய ஜீனோகிராபிக் திட்டத்தின் இந்தியப் பொறுப்பும் பிச்சப்பனிடம் வந்தது. அத்திட்டத்தின் பயனாக 2012 இல் வெளியான கட்டுரை ஒன்றை நீ முதலில் படிக்க வேண்டும். தமிழ்நாட்டின் 31 குழுக்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோம்களை ஒப்பிட்டு, இங்குள்ள ஆண் வழிகளின் பிரிவு சாதி அமைப்புக்கு முற்பட்டது என்றும், வேளாண்மை பரவிய காலத்தோடு, அதாவது ஏறத்தாழ 4,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்பு, ஒத்துப்போகிறது என்றும் அக்கட்டுரை வாதிடுகிறது.

புரதத்திலிருந்து குறியீட்டுக்கும், குறியீட்டிலிருந்து முழு மரபணுத் தொகுதிக்கும் என்று என் பணிக்காலத்திலேயே கருவி மும்முறை மாறிவிட்டது. மாறாதது ஒன்று உண்டு. அதை ஒரு தோல்வியைக் கொண்டு சொல்கிறேன்.

ஹெச்எல்ஏ சோதனைக்கு வெள்ளையணுக்கள் உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே ஊரில் விடியற்காலையில் ரத்தம் எடுத்து, குழாய்களைப் பெட்டியில் அடுக்கி, அன்றே ஆய்வகத்துக்குக் கொண்டு போய்விட வேண்டும். ஒருமுறை திருப்பத்தூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் நாற்பது பேரிடம் ரத்தம் எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறினோம். வழியில் பேருந்து பழுதாகி, சித்திரை மாத வெயிலில் சாலையோரத்துப் புளியமரத்தடியில் நான்கு மணி நேரம் நின்றோம். மதுரை சேர்ந்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, இறந்த அணுக்களில் மட்டுமே ஏறும் சாயம் சோதனைத் தட்டின் எல்லாக் குழிகளிலும் ஏறியிருந்தது. மறு வாரம் அதே ஊருக்குப் போய் அதே ஆட்களிடம் மறுபடியும் கையை நீட்டச் சொன்னோம். ஒரு மூதாட்டி, "போன தடவை எடுத்த ரத்தம் என்னாச்சு?" என்று கேட்டார். கெட்டுப்போய்விட்டது என்று சொல்ல வெட்கப்பட்டு, சோதனை நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை. அவரும் தரவில்லை, அவர் தெருவில் வேறு யாரும் தரவில்லை. அந்தக் குழுவைப் பற்றிய என் கணக்கு கடைசிவரை குறையாகவே நின்றது. உன் அப்பத்தா உன்னிடம் கேட்ட கேள்வியும் அந்த மூதாட்டி கேட்ட கேள்வியும் ஒன்றுதான். எங்கள் உடம்பிலிருந்து எடுத்ததை என்ன செய்வாய் என்று கேட்கிறார்கள். அதற்கு உண்மையான விடை கையில் இல்லாமல் மாதிரி எடுக்கப் போகக் கூடாது.

இனி உன் குல வரலாறு. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போவது ஒய் குரோமோசோம். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்குப் போவது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ. சில குடும்பத்து ஆண் பிள்ளைகள் மட்டும் எஞ்சி, வேறு குலத்துப் பெண்களை மணந்திருந்தால், இன்றைய நகரத்தாரின் ஒய் வகைகள் சில வேர்களில் குவிந்தும், மைட்டோகாண்ட்ரியா வகைகள் விரிந்து அக்குலத்தை ஒத்தும் இருக்க வேண்டும். இவ்வளவு தெளிவாக ஒரு கணிப்பைத் தரும் குல வரலாறு அரிது. ஆனால் அந்த வடிவம் கிடைத்துவிட்டாலும் வரலாறு மெய்ப்பட்டதாகாது. ஒரு சிறிய வணிகக் குழு மெல்ல மெல்ல இடம்பெயர்ந்து, மூன்று நான்கு தலைமுறைகள் உள்ளூரில் பெண் எடுத்திருந்தாலும் அதே வடிவம்தான் வரும். மேலும் தமிழ்நாட்டுக் குழுக்களின் பெண் வழிகள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருப்பவை. இது வேளாளர் வழி, இது பிறர் வழி என்று பிரிப்பது கடினம். சடுதிமாற்றங்களை எண்ணிக் காலம் கணிக்கும்போது வரும் பிழை எல்லை பல நூற்றாண்டுகள் அகலமுடையது; எந்தச் சோழன் என்று அது சொல்லாது. நகரத்தாரிடையே பிள்ளை கூட்டும், அதாவது தத்தெடுக்கும், வழக்கம் மிகுதி என்பதால், ஏட்டில் உள்ள ஆண் வழி உடம்பில் அறுந்தும் போயிருக்கலாம். ஆகையால் பொய் என்று எழுதும் அதிகாரம் மரபியலுக்கு இல்லை என்று அப்பத்தாவிடம் நீ மனமறிந்து சொல்லலாம். மெய் என்று முத்திரை குத்தும் அதிகாரமும் அதற்கு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்.

இந்த ஆய்வால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்பார்கள். 2017 இல் நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில், தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்து, அவற்றுள் 81 குழுக்கள் பின்லாந்து மக்களையும் அஷ்கனாசி யூதர்களையும் விட வலுவான நிறுவனர் விளைவைக் கொண்டவை என்று காட்டினார்கள். சில முன்னோரிலிருந்து பெருகி, தங்களுக்குள்ளேயே மணந்து வந்த குழுக்களில், இரு பெற்றோரிடமும் மறைந்திருக்கும் குறை பிள்ளையிடம் வெளிப்படும் வாய்ப்பு அதிகம். ஆந்திரத்து வைசியரிடையே, அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து உடம்பில் சிதையாமல் தங்கிவிடும் குறை மற்றவர்களைக் காட்டிலும் மிகுதி. மயக்க மருத்துவர் அதை முன்பே அறிந்திருந்தால் ஓர் உயிர் பிழைக்கும். தோற்றம் தேடிப் போனவர்களின் தரவே அங்கே மருத்துவத்துக்கும் உதவுகிறது.

படிப்பைப் பொறுத்தவரை, சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றுவிட்டால் மாதம் 37,000 ரூபாய் வரும். வீட்டுக்குப் பாரமில்லாமல் ஐந்தாண்டு ஓட்டலாம். புள்ளியியலும் கணினி நிரலும் இப்போதே பழகு. இன்றைய மரபியலாளர் ஆய்வுக்கூட மேசையில் ஒரு நாள் நின்றால் கணினி முன் ஒரு மாதம் அமர்கிறார்.

மறுமொழி 2: கால்நடை மருத்துவர், மானாமதுரை வட்டாரம்

பேராசிரியர் ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். பல்லுயிர்ப் பக்கம் எளிது, சண்டையில்லாதது என்று உங்களிடம் சொன்னவரோடு மட்டும் உடன்பட முடியவில்லை.

எங்கள் மாவட்டத்தின் சொந்த இனமான புலிக்குளம் மாடுகள் கிடை மாடுகள். அறுவடை முடிந்த வயல்களில் உரத்துக்காக இரவில் கிடை அமர்த்தி, பகலில் காட்டிலும் கண்மாய்க் கரையிலும் மேயவிட்டு வளர்ப்பவை. அவற்றிடம் ரத்தம் எடுக்க வேண்டுமானால் விடிவதற்கு முன் கிடைக்குப் போய், கிடைக்காரர் ஒவ்வொரு மாட்டையும் பேர் சொல்லிக் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். எந்தப் பசு எதன் கன்று, எந்த ஆண்டு எந்தக் காளை கிடையில் நின்றது என்பதெல்லாம் அவர் நினைவில்தான் இருக்கின்றன. நகரத்தாருக்கு ஏடு என்றால் கிடைக்காரருக்கு நாக்கு. அவரிடம் முறையாகப் பேசாமல் எடுத்த மாதிரியில் பாதிக்கு மேல் அக்காள் தங்கைகளாக இருந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

அந்தக் கணக்கை ஒரு எடுத்துக்காட்டால் சொல்கிறேன். ஒரு கிடையில் 190 பசுக்களும் 10 பொலிகாளைகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு 200 மாடுகள். ஆனால் காளையையும் பசுவையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுத்தால் வருவது 38. மரபியல் கணக்கில் அந்தக் கிடை 38 மாடுகளுக்குச் சமம். அந்த அளவுக்கு வேகமாக வேறுபாட்டை இழக்கும். காளைகளை இரண்டாகக் குறைத்துவிட்டால் எண் எட்டுக்குக் கீழே போய்விடும். சல்லிக்கட்டுக்காகக் காளை வளர்ப்பவர்களை வெறும் விளையாட்டுக்காரர்கள் என்று பேசுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். உழவுக்கும் வண்டிக்கும் காளை தேவைப்படாத காலத்தில், ஊருக்கு ஊர் வெவ்வேறு காளைகள் உயிரோடு இருப்பதற்கு அவர்களே பெரிய காரணம்.

உங்கள் குல வரலாற்றைப் படித்தபோது எனக்கு மாட்டு மரபியலின் புகழ்பெற்ற கண்டுபிடிப்பு ஒன்று நினைவுக்கு வந்தது. மனிதரை மாட்டோடு ஒப்பிடுவதாக யாரும் கொள்ள வேண்டாம். கணக்கின் வடிவத்தை மட்டும் பாருங்கள். ஆப்பிரிக்காவில் திமிலுள்ள மாடுகள் ஏராளம். அவை நம் நாட்டுத் திமில் மாடுகளின் வழிவந்தவை என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 1994 இல் அவற்றின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பார்த்தபோது, தாய்வழி முழுக்கத் திமிலில்லாத மாட்டினமாக இருந்தது. பின்னர் ஒய் குரோமோசோமைப் பார்த்தபோது திமில் மாட்டு வழி தெரிந்தது. காளைகள் கடல் கடந்து போயின. பசுக்கள் உள்ளூர்ப் பசுக்கள். தந்தை வழி ஓரிடம், தாய் வழி வேறிடம் என்ற வரலாற்றை மரபணுவில் இவ்வளவு தெளிவாகப் படிக்க முடிந்ததற்குக் காரணம், அந்த இரு மாட்டினங்களும் லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை என்பதுதான். இரண்டு தமிழ்க் குலங்களுக்கிடையே அந்த இடைவெளி கிடையாது. ஐயா கடினம் என்று சொன்னதன் பொருள் இதுவே.

அனுமதியைப் பற்றியும் ஒரு சொல். மனித மாதிரிக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். மாட்டுக்கும் நெல்லுக்கும் 2002 ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது; அவற்றின் மாதிரியை வெளிநாட்டு ஆய்வுக்கு அனுப்புவதானால் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தைக் கேட்க வேண்டும். இரண்டு பக்கமும் வாசல் உண்டு, வாசலில் ஆளும் உண்டு.

மறுமொழி 3: நகரக் கோவில் காரியக்கமிட்டியில் இருந்தவர்

ஆத்தா, உங்கள் அப்பத்தா கேட்டது நியாயமான கேள்வி. அவர்களைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பேராசிரியர் அவர்கள் சொன்னதில் ஒரு திருத்தம் மட்டும் சொல்ல விரும்புகிறேன். பிள்ளை கூட்டுவதால் ஆண் வழி அறுந்திருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். பிள்ளையில்லாதவர்கள் கண்ட இடத்தில் பிள்ளை எடுப்பதில்லை. நாங்கள் ஒன்பது கோவில்களாகப் பிரிந்தவர்கள்; தங்கள் கோவிலைச் சேர்ந்த பங்காளி வீட்டிலிருந்துதான் கூட்டிக்கொள்வது வழக்கம். மஞ்சள் நீர் குடித்து வந்த பிள்ளைக்கு வீடு மாறும், தகப்பனார் பெயர் மாறும், கோவில் மாறாது. ஒரே கோவில் பங்காளிகள் ஓர் ஆண் வழியில் வந்தவர்கள் என்பது உண்மையானால், கூட்டிய பிள்ளையும் அதே வழிதான். ஆகவே குடும்ப அளவில் அறுந்த நூல் கோவில் அளவில் அறுவதில்லை. உங்கள் கணக்கைக் குடும்பத்தை வைத்துப் போடாமல் கோவிலை வைத்துப் போட்டால் சரியாக வரும் என்பது என் எண்ணம்.

இளையாற்றங்குடி, மாற்றூர், வயிரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று கோவில்கள் ஒன்பது. இவற்றுள் இரணியூரும் பிள்ளையார்பட்டியும் அண்ணன் தம்பி முறை. ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து எடுப்பதில்லை. எனக்கு விஞ்ஞானம் தெரியாது. ஆனால் நீங்கள் சொல்லும் முறையில் பார்த்தால், இந்த இரண்டு கோவில் ஆண்களும் மற்ற கோவில்களைவிட ஒருவருக்கொருவர் நெருக்கமாக வர வேண்டும் அல்லவா? 1502 பிள்ளைகள் என்ற பெரிய கதையை விட்டுவிட்டு, இப்படிப்பட்ட சிறிய கேள்வியிலிருந்து தொடங்கினால் பெரியவர்களும் ஆர்வத்தோடு கை கொடுப்பார்கள்.

ஏடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணத்தின்போது கோவிலிலிருந்து மாலை வாங்கிப் பதிந்துகொண்ட தம்பதியைத்தான் ஒரு புள்ளி என்று கணக்கு வைக்கிறோம். அந்தப் புள்ளி மாப்பிள்ளையின் கோவிலில் ஏறும். ஆகவே கோவில் கணக்கில் ஆண் வழி தொடர்ந்து தெரியும். பெண் எந்த வீட்டிலிருந்து வந்தாள், அவளுடைய தாய் எந்த வீடு என்பது அதில் தெரியாது. அதை வீட்டுக்கு வீடு கிடக்கும் இசைகுடிமானங்களைச் சேர்த்துத்தான் கோக்க வேண்டும். வீடுகளை விற்கும்போதும் இடிக்கும்போதும் நிலையும் தூணும் நல்ல விலைக்குப் போகின்றன. ஏடுகளும் மொய்ப்பணக் கணக்குகளும் குப்பையோடு போகின்றன. எத்தனையோ வீடுகளில் அதை நான் கண்ணால் பார்த்து வருந்தியிருக்கிறேன். ரத்தம் இன்னும் நூறு ஆண்டுகள் கழித்தும் கிடைக்கும். அந்த ஏடுகள் கிடைக்கா.

ஒரு வேண்டுகோளும் உண்டு. எங்கள் குலம் உயர்ந்தது, இன்னொன்று தாழ்ந்தது என்று காட்டுவதற்கு உங்கள் முடிவை யாரேனும் எடுத்தால், அதை மறுத்து முதலில் எழுதுபவர் நீங்களாக இருக்க வேண்டும்.

மறுமொழி 4: பேராசிரியர், மதுரை

காரியக்கமிட்டிப் பெரியவருக்கு என் வணக்கம். பிள்ளை கூட்டுவது பற்றி நான் எழுதியது தவறு. தாங்கள் சொன்னதே சரி. இரணியூர், பிள்ளையார்பட்டி பற்றிய கேள்வி ஒரு முனைவர் பட்டத்தின் முதல் இயலுக்குப் போதுமானது.

இத்தாலிய மரபியலாளர் லூக்கா கவாலி-ஸ்ஃபோர்சா 1950களில் பார்மா பள்ளத்தாக்கில் இதே வழியில்தான் தொடங்கினார். பாதிரியாராக இருந்த மாணவர் ஒருவர், தேவாலயங்களில் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும் திருமண, ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பற்றி அவரிடம் சொன்னார். ஞாயிறு வழிபாடு முடிந்ததும் மக்களிடம் ரத்தம் எடுத்து, பதிவேட்டிலிருந்து ஊரின் அளவையும் மண உறவையும் கணக்கிட்டு, மலையிலுள்ள சிற்றூர்களில் ரத்த வகைகள் ஊருக்கு ஊர் மிகுதியாக வேறுபடுவதும், சமவெளியின் பெரிய ஊர்களில் அவ்வேறுபாடு குறைவதும் ஏன் என்று விளக்கினார். உலக மக்களின் தோற்றத்தை எழுதியவர், ஒரு பள்ளத்தாக்கின் கல்யாணக் கணக்கிலிருந்து தொடங்கினார். செட்டிநாட்டில் அந்தக் கணக்கு இன்னும் இருக்கிறது என்பதை எண்ண எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

மறுமொழி 5: நெல் மரபியல் ஆய்வாளர், புதுவயல்

தங்கைக்கு, கவுனியைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன்.

அரிசியின் கறுப்பு நிறத்துக்குக் காரணம் கலா4 என்னும் மரபணு. அதன் முன்பகுதியில் ஏற்பட்ட ஒரு மாற்றத்தால், தோலில் நிறமி சேர்கிறது. கறுப்பு நெல் வகைகளை ஒப்பிட்டு 2015 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்த மாற்றம் வெப்பமண்டல ஜப்பானிக்கா என்னும் நெல் வகையில் தோன்றி, கலப்பின் வழியாக இண்டிகா என்னும் மற்றொரு வகைக்குப் பரவியது என்று காட்டினார்கள். வெந்ததும் ஒட்டிக்கொள்ளும் தன்மைக்குக் காரணம் வேக்ஸி என்னும் வேறொரு மரபணு. அந்த மாற்றம் தென்கிழக்காசியாவில் ஒரேயொரு முறை தோன்றியது என்பது 2002 ஆம் ஆண்டு ஆய்வின் முடிவு. ஆகவே கவுனியின் நிறமும் ஒட்டும் தன்மையும் கிழக்கிலிருந்து வந்தவை என்று கொள்ள இடமுண்டு. ஆனால் அந்த மரபணுக்கள் என்றோ பல வழிகளில் வந்திருக்கலாம். நம் ஐயாக்கள் மரக்கலத்தில் கொண்டு வந்த நெல்தான் நம் வயலில் இருக்கிறதா என்று அறிய, பர்மாவின் கறுப்பு நெல் வகைகளோடு முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிட வேண்டும். இது உங்களுக்கு ஓராண்டுத் திட்டக் கட்டுரையாகவே பொருந்தும். கடையில் வாங்கிய அரிசியை எடுக்க வேண்டாம். விதைநெல்லைத் தலைமுறையாக வீட்டில் வைத்திருப்பவரைத் தேடிப் பிடித்து, யாரிடமிருந்து வாங்கினார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளை ஊர் ஊராகப் போய் மாதிரி எடுப்பதா என்று வீட்டில் தயங்கினால், தாவரவியலாளர் ஜானகி அம்மாளைப் பற்றிச் சொல்லுங்கள். தலச்சேரியில் 1897 இல் பிறந்து, சென்னையில் படித்து, மிச்சிகனில் 1931 இல் முனைவர் பட்டம் பெற்று, கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர். 1945 இல் ஆங்கிலேய உயிரியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம்களுக்கெல்லாம் ஓர் அட்டவணை வெளியிட்டார். ஓய்வுக்குப் பிறகும் சென்னைக்கு அருகே மதுரவாயலில் செடிகளோடு இருந்து, 1984 இல் இறக்கும்வரை வேலை செய்தார்.

மறுமொழி 6: பள்ளத்தூர் மாணவி

எல்லோருக்கும் நன்றி. மறுமொழிகளை நேற்று இரவு அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். பொய் என்று எழுதும் அதிகாரம் இல்லை என்ற இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டிய பிள்ளைக்குக் கோவில் மாறாது என்ற இடத்தில் மட்டும், "அவுக சொல்றது சரி, எங்க ஐயாவே கூட்டுன பிள்ளைதான்" என்றார்கள். இத்தனை ஆண்டுகளில் எனக்கு அது தெரியாது.

மனிதர் தோற்றத்துக்கே விண்ணப்பிக்கிறேன். நெட் தேர்வு வரையில் கவுனியில் என் திட்டக் கட்டுரையைச் செய்ய ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். அதற்கிடையில் எங்கள் வீட்டிலும் பங்காளி வீடுகள் மூன்றிலும் உள்ள இசைகுடிமானங்களைப் படியெடுக்கலாம் என்று நினைக்கிறேன். காரியக்கமிட்டி ஐயா, இதற்கு யாரிடம் கேட்க வேண்டும், எப்படித் தொடங்க வேண்டும்?

மறுமொழி 7: நகரக் கோவில் காரியக்கமிட்டியில் இருந்தவர்

வீட்டு ஏட்டுக்கு வீட்டின் மூத்த ஆச்சியிடம் கேட்டால் போதும். சாவி அவர்களிடம்தான் இருக்கும். பங்குக்காரர் எல்லோருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் பின்னர் கேட்டு மனம் வருந்தக் கூடாது. எந்தப் பெட்டகத்தில், எந்தக் கட்டில், எத்தனையாவது ஏடாக இருந்தது என்று முதலில் எழுதிக்கொண்டு, பிறகு கட்டை அவிழுங்கள். ஏட்டை வீட்டை விட்டு வெளியே கொண்டு போகாதீர்கள்; முற்றத்து வெளிச்சத்திலேயே வைத்துப் படம் எடுங்கள். பழைய தமிழ் எண்களைப் படிக்கத் தெரியாவிட்டால் அப்படியே வரைந்துகொண்டு வாருங்கள், நான் சொல்லித் தருகிறேன். பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சில் மட்டும் எடுத்துப் போங்கள். ஏட்டில் மை பட்டால் போகாது.